தேனக்கா சொன்ன நிஜம்

வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று அந்த மருத்துவமனைக்கு மருத்துவர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. சம்பளம் வாங்காமல் சில மாதம் வேலை பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருவர் கண், அடுத்தவர் தோல், அதற்கடுத்தவர் குழந்தைகளின் இதயம். யார் வந்தாலும் அவர் பேசுவது நோயாளிக்குப் புரியாது. நோயாளி பேசுவது அவருக்குப் புரியாது. நடுவில் ஒரு முக்காலி போட்டு, இருவர் பேச்சையும் மாற்றிச் சொல்ல அவள் உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் அந்த மருத்துவர்களின் மொழியைச் சொல்லிக்கொடுத்தவள். பள்ளியை மூடியதும் இங்கே வந்துவிட்டாள்.

வந்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தங்கமான மனிதர்கள்தான். ஆனால் பேச்சு மட்டும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அதை அப்படியே தூக்கி நோயாளியின் தலையில் போட அவளுக்கு மனம் வராது. பிழைப்பது கஷ்டம் என்று மருத்துவர் சொன்னால், “தன்னால ஆனதெல்லாம் செய்றேங்கறார்” என்பாள். கூடவே “கவலைப்படாதீங்க” என்று சொந்தச் சரக்கையும் சேர்த்துக்கொள்வாள். நர்சுகள் அவளுக்குத் தேனக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் அதையெல்லாம் தங்கையிடம் நடித்துக் காட்டுவாள். இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

“சிகரெட்டை விடலேன்னா செத்துப்போயிடுவீங்கன்னு சொல்லுங்கறார் டாக்டர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? டாக்டருக்கு உங்களை ரொம்பப் பிடிச்சுப்போச்சு, நீங்க நூறு வருஷம் இருக்கணுமாம்னு சொன்னேன்.”

தங்கை வயிறு குலுங்கச் சிரிப்பாள். “அடிப்பாவி! அந்த ஆள் அந்தச் சந்தோஷத்துல வெளியில போய் இன்னொண்ணு பத்த வச்சிருப்பான்!”

அந்தத் தங்கையின் மகளுக்குத்தான் இதயத்தில் கோளாறு என்று தெரிந்தது. நான்கு வயதுக் குழந்தை, ஓடினால் உதடு நீலம் பாரித்துவிடும். இதய மருத்துவரம்மாவோ அந்த வாரக் கடைசியில் ஊர் திரும்புகிறார். அடுத்து வருபவர் எலும்பு மருத்துவராம்.

மருத்துவர் குழந்தையைச் சோதித்துவிட்டு நிதானமாகப் பேசினார். அறுவை சிகிச்சை செய்தால் நன்றாகிவிடுவாள், இப்படி நிறையக் குழந்தைகளுக்குச் செய்திருக்கிறேன், கொஞ்சம் ஆபத்து உண்டு, அதை மறைக்கமாட்டேன், ஆனால் செய்யாவிட்டால் நாளாக ஆக மோசமாகும் என்றார். முக்காலியில் இருந்தவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பூசி மெழுக இதில் ஒன்றுமே இல்லையே! சொன்னதைச் சொன்னபடி தங்கையிடம் சொன்னாள்.

தங்கை குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

“அக்கா, நிஜத்தைச் சொல்லு.”

“நிஜம்தான்டீ. ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல.”

“எல்லார்கிட்டயும் நல்லாயிடும்னுதானே சொல்லுவே?”

“அது வேற. இது நம்ம குழந்தை.”

“அதனாலதான் பயமா இருக்கு. ஊரார்கிட்டயே மறைக்கிறவ என்கிட்ட மறைக்காம இருப்பியா? கொஞ்சம் ஆபத்துன்னு நீயே சொல்றேன்னா, அந்த டாக்டரம்மா எவ்வளவுன்னு சொன்னாங்களோ!”

தேனக்கா குழந்தையின் தலையில் கை வைத்தாள். “குழந்தை மேல சத்தியமா சொல்றேன்.”

“சத்தியம் பண்ணாதே! போன மாசம் அந்தப் பெரியவரோட சம்சாரத்துக்கும் சத்தியம் பண்ணினே. நாலாம் நாள் அவர் போயிட்டார்.”

வேறு யாரையாவது கூப்பிட்டுச் சொல்லச் சொல்லலாம் என்றால், அந்த மருத்துவமனையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சிரித்துச் சிரித்துத் தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

“கத்தி வச்சுச் சாகறதுக்குப் பதிலா, இருக்கிற வரைக்கும் என் மடியிலேயே இருக்கட்டும்” என்று தங்கை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

மருத்துவர் குழப்பத்தோடு பார்த்தார். என்ன சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று கேட்டார்.

என் தங்கை என்னை நம்பவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மருத்துவரே எழுந்து பின்னால் ஓடியிருப்பார், கையைக் காலைப் பிடித்தாவது புரியவைத்திருப்பார். ஆனால் அந்த முகத்தில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. அவளுக்கு மனம் வரவில்லை.

“வீட்டில் கலந்து பேசிவிட்டு நாளைக்கு வருகிறார்களாம்” என்றாள்.

மருத்துவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். மறுநாள் காலை முதல் அறுவை சிகிச்சையை அந்தக் குழந்தைக்கென்று ஒதுக்கி வைத்தார்.