தலைவர் வூட்ல இல்லீங்க

ஏதோ ஒரு நாட்டில் அதிபர் திடீரென்று இறந்துபோய், துணை அதிபர் பதவியேற்கிறார் என்று டிவியில் காட்டினால், என் வீட்டுக்காரர் சத்தத்தைக் கூட்டிவிட்டு, "ஏ வைஸு, உன் ஆளு வந்துட்டாரு பாரு" என்று கூப்பிடுவார். கிண்டல்தான். ஆனாலும் மல்லாட்டைக் கடலை உரிப்பதை விட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பேன். உறுதிமொழி எதுவும் என் காதில் ஏறாது. அந்த மனிதரின் கண் யாரைத் தேடுகிறது என்றுதான் பார்ப்பேன்.

வைஸு என்றால் ஊராட்சித் துணைத் தலைவர். கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில் இரண்டு கோஷ்டி. இரண்டும் ஒத்துக்கொண்ட ஒரே ஆள் நான். காரணம் என் திறமை இல்லை, என்னால் யாருக்கும் பயமில்லை. கூட்டம் என்றால் போவேன், தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவேன், கையெழுத்துப் போடுவேன், மாடு கறக்க நேரமாச்சு என்று எழுந்து வந்துவிடுவேன்.

தலைவர் நல்ல மனிதர். வாய் அதிகம், கை சுத்தம். அவர் மனைவி கல்யாணமான நாள் முதல் அவர் பெயரைச் சொன்னதில்லை. அவர் தேர்தலில் ஜெயித்த நாளிலிருந்து அந்த அக்காவுக்குப் புருஷன் பெயரே 'தலைவர்' ஆகிவிட்டது. "தலைவர் குளிச்சிக்கினு இருக்காரு." "தலைவருக்குக் கேப்பைக் கூழுன்னா உசுரு." நாங்கள் சிரிப்போம். எங்களுக்கு அது பதவி, அவருக்கு ஆள்.

ஆடி பிறந்த சமயம், திண்டிவனம் பஸ்ஸுக்கு நின்ற தலைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. காரியம் ஆன கையோடு எனக்குக் கடிதம் வந்தது. தேர்தல் வரும்வரை பொறுப்பு என்னுடையது. சுதந்திர தினத்துக்கு நான்கே நாள். கொடியேற்ற வேண்டும், கிராம சபை நடத்த வேண்டும். அலுவலகச் சாவியும் முத்திரையும் தலைவர் வீட்டில் இருந்தன.

போய்க் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து அக்காவின் குரல், "தலைவர் வூட்ல இல்லீங்க, சாயங்காலமா வாங்க" என்றது.

வருகிறவர்களிடம் வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. முத்திரையாவது மண்ணாங்கட்டியாவது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் திரும்பிவிட்டேன்.

அன்றே ஊராட்சிச் செயலரிடம் கறாராகச் சொன்னேன்: "என்னைத் தலைவர்னு யாரும் கூப்புடக் கூடாது. வைஸுன்னே கூப்புடுங்க." அவர் தலையைச் சொறிந்தார். அக்காவிடமிருந்து ஆளைத்தான் சாமி எடுத்துக்கொண்டது, அந்தப் பெயரையும் நான் பிடுங்க வேண்டுமா?

சுதந்திர தினத்தன்று அக்கா வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. வந்தார். பள்ளிக்கூட மைதானத்தில், பெண்கள் வரிசையின் கடைசியில், மடியில் ஒரு மஞ்சப்பையோடு உட்கார்ந்தார். என் உத்தரவு தெரியாத ஆசிரியர் ஒருவர் மைக்கில், "இப்போது நமது தலைவர் கொடியேற்றுவார்" என்றார்.

நான் எழவில்லை. பள்ளிக்கூடக் கேட்டைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் தலைவர் எப்போதும் தாமதமாகத்தான் வருவார், பைக்கை நிறுத்திவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டே. யாரும் வரவில்லை. முகத்தைத் திருப்பினால், அக்காவும் கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கண்கள் சந்தித்தன. ஊர் மொத்தமும் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன்.

அக்கா எழுந்து வந்தார். பையிலிருந்து சாவியையும் முத்திரையையும் எடுத்து என் கையில் வைத்தார். அன்று கதவுக்கு வெளியே நின்றது நான்தான் என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"பசங்க வெயில்ல நின்னுக்கினு இருக்குதுங்க" என்றார். "போங்க, தலைவரே."