காட்டுப்பூனையின் விரதம்

காட்டுப்பூனைக்கு மயக்க ஊசி போடும் கால்நடை மருத்துவன் நான். வீட்டுப் பூனை சீறினாலே இரண்டடி பின்வாங்குகிற ஆள்; பிழைப்பு இப்படி அமைந்துவிட்டது. சென்னிமலைப் பக்கத்துச் சோளக்காடுகளில் இந்தப் பூனைகள் எங்கே படுக்கின்றன, எவ்வளவு தூரம் திரிகின்றன என்று ஆராயும் தோழி ஒருத்தி அவற்றின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டுவாள். அதுவரை தூங்க வைத்து, பிறகு பத்திரமாக எழுப்பிவிடுவது என் பாடு.

நாங்கள் கூண்டு வைத்திருந்த தோட்டத்து அம்மா ஒருநாள் விடிந்ததும் போன் செய்தார். "ஏனுங்க, உங்க பூனை கூண்டுல உழுந்துருச்சுங்க."

போர்வையால் கூண்டை மூடச் சொன்னேன். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் வாந்தி வரும். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் பூனை பிழைக்காது. இதையெல்லாம் விளக்காமல், அவருக்குச் சட்டென்று புரியட்டும் என்று, "நாங்க வார வரைக்கும் அது விரதம்னு வெச்சுக்குங்க" என்றேன்.

நாங்கள் இருக்கும் சரவணம்பட்டியிலிருந்து போய்ச் சேர்ந்தோம். எடை பார்த்து, மருந்தை அளந்து தொடையில் ஊசி போட்டேன். பூனை தள்ளாடிப் படுத்தது. அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"விரதம்னீங்களேன்னு வேற எதுவும் வெக்கலீங்க. பாலு மட்டும் ஊத்துனனுங்க. சஷ்டிக்கு நானும் பாலுதானுங்க குடிப்பேன்."

கூண்டுக் கதவைத் திறக்கக் குனிந்தேன். அதற்குள் பூனைக்குக் குமட்டல் எடுத்துவிட்டது. வெளியே தூக்கித் தலையைத் தாழ்த்திப் பிடித்தேன். திரிந்த பால் கொட்டியது. தோழி வாயைத் திறந்து பிடிக்க, நாக்கை இழுத்துப் பஞ்சால் துடைத்தேன். விலா அசையவில்லை. ஆய்வுக்காகப் பிடித்ததை ஆய்வே கொன்றால் அதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? அம்மாவைத் திட்ட வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகம் வெளிறிப்போயிருந்ததைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். விலா ஒருமுறை ஏறியது. பிறகு இன்னொரு முறை. ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டேன், மூச்சில் நீர்ச் சத்தம் இல்லை.

தோழி பட்டையைக் கையில் எடுத்தாள்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றேன். எத்தனையோ நாள் காத்திருந்து கிடைத்த பூனை. ஆனாலும் மறுபேச்சில்லாமல் பையில் வைத்துக்கொண்டாள்.

மயக்கம் தெளிய ஊசி போட்டு, கூண்டில் வைத்து, நிழலில் காத்திருந்தோம். நன்றாகத் தெளிந்து அது எங்களைப் பார்த்துச் சீறியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு இனிமையாக யாரும் என்னைத் திட்டியதில்லை. கதவைத் திறந்ததும் நேர் நடையாகச் சோளத்துக்குள் போய் மறைந்தது.

"இனி எங்க போயிப் படுக்குமுங்க?" என்று அம்மா கேட்டார்.

"பட்டை கட்டியிருந்தா சொல்லியிருப்பனுங்க" என்றாள் தோழி.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "எங்கியோ படுக்கட்டும் கண்ணு. எந்திரிச்சுதே, அது போதும்."