ஆணிவாயர் புகையை விட்ட கதை

என் அக்காவின் கணவரை எங்கள் கடைத்தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. ஆணிவாயர் என்றால்தான் தெரியும். சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை வைத்துத் துணி போர்த்துவது அவர் தொழில். சின்னக் கறுப்பு ஆணிகளை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாகப் புரட்டி, தலைப்பக்கம் வெளியே தெரியும்படி உதட்டுக்குக் கொண்டுவருவார். அவர் சுத்தியலின் முனையில் காந்தம் உண்டு. அதை உதட்டருகே கொண்டுபோனால் ஆணி தாவி ஒட்டிக்கொள்ளும். இடது கை துணியை இழுத்துப் பிடிக்க, வலது கையால் டக்கென்று ஒரே அடி. புதிதாகப் பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நானும் திருப்பிக்கொண்டவள்தான், முதல் ஒரு வாரம். அதற்கப்புறம் முப்பத்தொரு வருஷமாக அதே கடையில் தையல் மெஷினில் உட்கார்ந்து உறை தைக்கிறேன். இப்போதெல்லாம் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

ஒரு வாய் என்றால் இருபது ஆணி. நாற்காலிக்கு ஆறு வாய், பெரிய சோபாவுக்கு முப்பது வாய். எங்கள் கடையில் வேலையை அப்படித்தான் சொல்வோம். ஆணி தீர்ந்து வாய் காலியானதும் அத்தான் பின்வாசலுக்குப் போவார். கடை முழுக்கப் பஞ்சும் ஃபோமும். உள்ளே தீப்பெட்டியை எடுத்தால் அக்கா அவரையே கொளுத்திவிடுவாள். பின்வாசலில் ஒரு சிகரெட், திரும்பி வந்து ஒரு வாய் ஆணி. இப்படி நாளைக்கு நாற்பது. பதினாறு வயதில் பிடித்த பழக்கம். நான் சொல்லும் சம்பவம் நடந்தபோது அவருக்கு எழுபத்தொன்று.

வினை காலில் வந்து சேர்ந்தது. முதலில் ஐம்பது அடி நடந்தால் கெண்டைக்கால் கவ்வியது. நின்றால் விட்டுவிடும், நடந்தால் மறுபடி கவ்வும். பிறகு வலது கால் சுண்டுவிரலில் ஒரு புண். மிளகளவுதான் இருந்தது, இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. காலுக்கு இறங்க வேண்டிய ரத்தம் சரியாக இறங்கவில்லை என்றும், இப்படியே போனால் முதலில் விரலை எடுக்க வேண்டியிருக்கும், அப்புறம் அங்கே நிற்குமா என்று சொல்ல முடியாது என்றும் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அத்தான் முட்டி போட்டும் குந்தியும் நின்றும் வேலை செய்கிறவர். கால் போனால் அவர் கை சும்மா இருக்க வேண்டியதுதான். சும்மா இருக்கிற அத்தானை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. அக்கா பயத்தில் பேச்சையே குறைத்துக்கொண்டாள்.

பெரிய டாக்டரைப் பார்க்கப் போன அன்று அக்கா கடையைப் பார்த்துக்கொண்டாள். நான் அத்தானோடு போனேன். என் மகனும் கூட வந்தான். அவனுக்கு வயது இருபத்தாறு. ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர உடற்தகுதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அவனுக்குக் கீழ்த்தளம், அத்தானுக்கு இரண்டாவது மாடி. அவனும் புகைப்பான், நாளைக்கு இரண்டோ மூன்றோ. அந்த இரண்டு மூன்றுக்காக ஆறு வருஷமாக நான் அவனைத் திட்டிய திட்டை வேறு எந்தத் தாயும் திட்டியிருக்க மாட்டாள்.

மாடியில் இருந்த அந்தப் பெரிய டாக்டர் வயதில் சின்னவர், நல்லவர். அத்தானின் காலைத் தன் மடியில் வைத்துத்தான் பார்த்தார். புகை உண்டா என்று கேட்டார். நாற்பது என்றார் அத்தான். எத்தனை வருஷமாக என்று கேட்டு, ஐம்பத்தைந்து என்று எழுதிக்கொண்டார். விட்டுவிட்டால் கால் தப்பிக்குமா என்று அத்தானே வாயைத் திறந்து கேட்டார். நான் அசந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"விட்டா நல்லதுதான் தாத்தா. ஆனா இத்தனை வருஷப் பழக்கம், இந்த வயசுல உடம்பப் போட்டு வதைக்க வேண்டாம். கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்றார் டாக்டர். அவ்வளவுதான், அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

கீழே வந்தால் என் மகன் கையில் நீலநிறப் பை. வேலைக்கான படிவத்தில் புகைப்பேன் என்று எழுதியதும் அவனைப் புகைப்பழக்கத்தை விட உதவும் பதினோராம் எண் அறைக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசி, மெல்லுவதற்குச் சூயிங்கம் மாதிரி ஒரு மருந்து மிட்டாய், நாள் குறிக்க ஒரு சின்ன நோட்டு, எப்போது வேண்டுமானாலும் கூப்பிட ஒரு நம்பர் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு சிகரெட்டுக்கு இத்தனை உபசாரம். நாற்பது சிகரெட்டுக்குக் 'குறைச்சுக்கோங்க தாத்தா'. எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. கோபம் எனக்கு மூக்குக்கு மேலேயே குடியிருக்கும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று ராத்திரியே மகனிடமிருந்து மிட்டாயைப் பிடுங்கி மறுநாள் அத்தானிடம் கொடுத்தேன். அதுதான் நான் செய்த மடத்தனம். அந்த மிட்டாய் இரண்டு சிகரெட் ஆளுக்கு அளந்து கொடுத்த பலம் குறைந்த மிட்டாய். அத்தானோ அதைச் சாக்லேட் மாதிரி கடித்துக் கடித்துத் துப்பினார். விக்கல் பிடித்தது. ஒன்று போதாமல் நாலாக மென்றார், குமட்டியது. மூன்றாம் நாள், மென்ற மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பழக்கதோஷத்தில் ஒரு வாய் ஆணியையும் போட்டுக்கொண்டார். வழக்கம்போல நாக்கு ஆணியைத் தள்ள, ஆணியோடு மிட்டாயும் சேர்ந்து வந்தது. காந்தம் இழுக்க, சுத்தியல் இறங்க, ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறைக்கென்று செய்திருந்த பால்வெள்ளை நாற்காலியின் நடுமுதுகில் மிட்டாயை வைத்து ஆணி அடித்தாகிவிட்டது. அக்கா சிரித்துவிட்டாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். ஆனால் அத்தான் சிரிக்கவில்லை. மிச்ச மிட்டாயை எடுத்து என் மெஷின்மேல் வைத்தார்.

"இது சின்னஞ்சிறுசுகளுக்குச் செஞ்சதும்மா. என்ன மாதிரி ஆளுக்கெல்லாம் இதுல இடம் கிடையாது. விட்டுரு."

சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். ஏதோ பஸ்ஸில் இடம் இல்லை என்று சொல்கிறவர் மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் பின்வாசலுக்குப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் பதினோராம் எண் அறைக்குப் போனேன். அங்கே இருந்த நர்ஸம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வயதானவர்கள் கால் என்றால் கால் இல்லையா, நுரையீரல் என்றால் நுரையீரல் இல்லையா, இதற்கு வயது வரம்பு போட்டது யார் என்று பிடிபிடியென்று பிடித்தேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, இந்த அறைக்கு வயது வரம்பே இல்லை என்றார். வேலைக்கு வரும் பிள்ளைகளின் படிவத்தில் இதற்கென்று ஒரு கட்டம் இருப்பதால் கீழே அனுப்புகிறார்கள், மாடியில் உள்ள படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை, அதனால் யாருக்கும் தோன்றுவதில்லை என்றார். போன வருஷம் முழுக்க அறுபது தாண்டியவர்கள் ஏழே பேர்தான் வந்தார்களாம்.

"சரி, நீங்க கேட்டிருக்கீங்களா அவர்கிட்ட? விடணும்னு ஆசை இருக்கான்னு?"

நான் எங்கே கேட்டேன்? மகனைத் திட்டத் தெரிந்த எனக்கு அத்தானைக் கேட்கத் தெரியவில்லை. கேட்காதது மட்டுமா? கால் பிடிக்க ஆரம்பித்ததிலிருந்து முக்குக் கடைக்கு நடக்க முடியாத அவருக்கு நான்தான் பாக்கெட் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியிலும் வாங்கினேன். இவர் விடப்போவதில்லை என்று அவர் கணக்கை அந்த டாக்டருக்கு முன்னாலேயே நான் முடித்துவைத்திருந்தேன். இதை நர்ஸம்மாவிடம் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் தேற்றிக்கொண்டிருக்கவில்லை. நாளைக்குக் கூட்டிவாருங்கள், அந்த மிட்டாயை இனி தராதீர்கள் என்றார்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு மூவரும் போனோம். அத்தான் வேண்டாவெறுப்பாகத்தான் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் அதன் அடியில் கையைவிட்டுத் தடவி, மட்டமான ஆணி என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். நர்ஸம்மா திட்டவில்லை, படம் காட்டிப் பயமுறுத்தவில்லை. காலையில் கண் விழித்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பீர்கள் என்று கேட்டார். நாளில் எந்தச் சிகரெட்டை விடுவது ரொம்பக் கஷ்டம் என்று கேட்டார். வாய் காலியானதும் பிடிக்கிற சிகரெட் என்றார் அத்தான். ஒரு வாய் என்றால் என்ன என்று அவர் கேட்க, இவர் விளக்க, அதையெல்லாம் அவர் பொறுமையாக எழுதிக்கொண்டார். இதற்கு முன்னால் விட முயற்சி செய்ததுண்டா என்பது அடுத்த கேள்வி. இல்லை என்று சொல்ல அக்கா வாயெடுத்தாள்.

"நாலு தடவை" என்றார் அத்தான்.

நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்த அக்காவுக்கே அது தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொல்லிட்டு அப்புறம் முடியலைன்னா?" என்றார். நர்ஸம்மாவைப் பார்த்துத் திரும்பினார். "அம்பத்தஞ்சு வருஷத்துல இத யாரும் என்கிட்ட கேட்டதில்லம்மா." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா எழுந்துபோய் அவர் தோளில் கை வைத்து நின்றாள்.

டாக்டரிடம் கேட்டு மருந்தும் வந்தது. காலையில் எழுந்ததும் கைச்சதையில் ஒட்டிக்கொள்ள ஒரு மருந்துப் பட்டை. ஆணி தீர்ந்ததும் மென்றுகொள்ள, இந்த முறை அவருக்கென்று அளந்த மிட்டாய். நாலைந்து தடவை மென்று, நாக்கில் சுருக்கென்று பட்டதும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும். ஆணியை ஒதுக்கிப் பழகிய கன்னம், அந்தப் பாடம் அவருக்கு ஒரே தடவையில் வந்துவிட்டது. ஆணி இருக்கும்போது மிட்டாய் கிடையாது, மிட்டாய் இருக்கும்போது ஆணி கிடையாது என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார். வெள்ளை நாற்காலி விஷயத்தை நான்தான் போட்டுக்கொடுத்திருந்தேன்.

முதல் பதினைந்து நாள் நரகம். மறைக்க என்ன இருக்கிறது? சுத்தியலைச் சுவரில் எறிந்தார். நான் தைத்த உறை கோணல் என்று மூன்று தடவை பிரிக்கவைத்தார். கோணல் அவர் கண்ணில்தான் இருந்தது. அக்காவும் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தோம். பாதி நாள் நானும் திருப்பிக் கத்தினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு நர்ஸம்மாவிடமிருந்து போன் வரும். அதற்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே அத்தான் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்துவிடுவார். எட்டாம் நாள் பின்வாசலில் ஒன்று பிடித்துவிட்டார். எங்களுக்குத் தெரியாது. ஆறு மணிக்கு அவரே போனில் சொன்னார். ஒன்றுதானே, பட்டையை எடுத்துவிட வேண்டாம், நாளைக்கும் கூப்பிடுகிறேன் என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எனக்கும் கேட்டது. அந்த அம்மாவுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன், தெரியவில்லை. என் மகனும் பெரியப்பாவோடு போட்டி போட்டுக்கொண்டு புகையை விட்டான். யார் முதலில் தோற்பது என்று இருவரும் தினம் வம்பு வளர்த்ததில் அவர்கள் சிகரெட்டைப் பற்றிப் பேசின பேச்சு, பிடித்த காலத்தில் பேசியதைவிட அதிகம்.

மூன்றரை மாதம் கழித்து மறுபடி இரண்டாவது மாடி. டாக்டர் விரல்களால் பாதத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரு சின்னக் கருவியை வைத்தார். முன்பு வைத்தபோது அதில் சத்தமே சரியாக வரவில்லை. இந்தத் தடவை சர் சர்ரென்று ரத்தம் ஓடும் சத்தம் அறைக்கே கேட்டது. சுண்டுவிரல் புண் மூடி இளஞ்சிவப்பாகத் தோல் வந்திருந்தது. எதையும் எடுக்க வேண்டாம், தினமும் நடந்தால் போதும் என்றார். நான் இருந்த இடத்திலேயே அக்காவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

எப்படி விட்டீர்கள் என்று டாக்டர் ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

"கீழ ஒரு அம்மா, காலையில எத்தனை நிமிஷத்துல பத்தவைப்பீங்கன்னு கேட்டாங்க. பதில் சொல்லப் போனதுலதான் விட்டேன்" என்றார் அத்தான்.

டாக்டரின் முகம் சிவந்தது. உங்களைச் சிரமப்படுத்த வேண்டாம் என்றுதான் அன்று சொன்னேன் என்றார். எனக்கு நாக்கு துறுதுறுவென்றது. அத்தான் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, தெரியும் டாக்டர், கால் இருக்கிறது, உங்களுக்கும் ரொம்ப நன்றி என்றார். மனசாரத்தான் சொன்னார். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. ஆனாலும் நானும் கும்பிட்டேன்.

திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் வந்து அத்தான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அடுத்தவர் உள்ளே போனார். எண்பதை நெருங்கும் ஓர் அம்மாள், கையில் தடி. பெயர், வயது, எத்தனை நாளாக வலி, புகை உண்டா என்று டாக்டரின் குரல் வரிசையாகக் கேட்டது. உண்டு, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உண்டு என்றார் அந்த அம்மாள். பேனா எழுதும் சத்தம் வந்தது, நின்றது. அத்தான் ஒரு செருப்போடு அப்படியே நின்றுவிட்டார்.

"விடணும்னு ஆசை இருக்காம்மா?" என்றார் டாக்டர்.

"என்கிட்டயா கேக்குறீங்க?" என்றார் அந்த அம்மாள்.