கடி ஈக்களுக்கு நடுவே முன்னி ஏரி கடந்தது

காலை ஏழு மணிக்குச் சென்ட்ரலில் புறநகர் ரயில் ஏறினேன். அனுப்பம்பட்டு தாண்டிப் பொன்னேரியில் இறங்கி, பழவேற்காட்டுக்குப் பஸ். இருபது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் திருப்பாலைவனத்தில் உர மூட்டை ஏற்றியவர் கண்டக்டரோடு மல்லுக்கு நின்றதில் ஒரு மணி நேரம் போய்விட்டது. நான் கிளம்பியது பூநாரை பார்க்க. பார்க்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பூநாரைக்காகப் படிக்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

ஒன்பதரை மணி, பழவேற்காட்டுப் படகுத் துறை. நான் போனில் பேசி வைத்திருந்த படகுக்காரர் ஏழுமலை, இரண்டு படகுகளை அருகருகே கயிற்றால் பிணைத்து, மேலே பலகை அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கோவிந்தம்மா.

"இன்னிக்கு பறவ இல்லமா. குதிர ஏத்தப் போறோம்" என்றார் ஏழுமலை.

"குதிரையா? படகிலா?"

"பின்ன, பறந்தா வரும்? குந்திக்கினு வர்றதுனா வா."

எனக்குக் கோபம்தான். ஆனாலும் ஏறினேன். போகும்போது கோவிந்தம்மா விவரம் சொன்னார். எதிர்க்கரைக் குப்பத்தில் சலீம் பாய் என்பவர் ஒரு பெண் குதிரை வைத்திருக்கிறார். பெயர் முன்னி. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுவார். சேணத்து வார் உரசி முன்னங்காலுக்குப் பின்னால் புண் வந்துவிட்டது. போன மழைக்குப் பிறகு கடி ஈ பெருகி, அந்தப் புண்ணையே மொய்க்கிறது. முன்னி இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை. மணல் பாதையை வெள்ளம் அறுத்துவிட்டதால் மாட்டு டாக்டர் அங்கே போக வழியில்லை. துறைக்குக் கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்றிருக்கிறார். புழு உள்ளே இறங்கிவிட்டால் பிழைக்காதாம்.

பத்தரை மணி. முன்னி வேப்பமரத்தடியில் நின்றது. தோல் நிற்காமல் துடித்தது. காலை உதைத்து உதைத்து நின்ற இடத்தில் பள்ளமே விழுந்திருந்தது. சலீம் பாய் வேப்பிலைக் கொத்தால் விசிறிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தூங்கி நாளான முகம்.

அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில்தான் அந்த வேலை நடந்தது. படகிலிருந்த தகர டப்பாவோடு வந்த ஏழுமலை, முன்னியின் முதுகிலும் வயிற்றிலும் மீன் எண்ணெயைத் தாராளமாகப் பூசிவிட்டார். "படகு மரத்துக்குப் பூசினா புழுவே அண்டாது. ஈ எம்மாத்திரம்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் தலையாட்டினேன், புத்திசாலி மாதிரி.

ஐந்து நிமிடத்தில் குப்பத்து ஈயெல்லாம் அங்கே வந்துவிட்டது.

"யா அல்லா! இன்னாய்யா பண்ணிவெச்ச? அது படகா?" சலீம் பாய் கத்திய கத்தலில் முன்னி பின்னங்காலைத் தூக்கி அடித்தது. ஏழுமலையின் தொடைக்கும் அந்தக் குளம்புக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

சீயக்காய் கரைத்து நான்கு பேருமாகக் கழுவினோம். சலீம் பாய் தேங்காய் எண்ணெயில் வேப்பெண்ணெய் கலந்து, புண்ணுக்குள் படாமல் சுற்றிலும் தடவினார். கோவிந்தம்மா பழைய இறால் வலையை இரண்டாக மடித்து முன்னியின் மேல் போர்த்தினார். கீழ் விளிம்பை அரிவாளால் கீறித் தொங்கவிட்டார். முன்னி அசையும்போதெல்லாம் அந்த நார்கள் ஆடி ஈயை விரட்டின. நானும் வாய்விட்டே பாராட்டினேன்.

அடுத்து எப்போது கிளம்புவது என்று சண்டை.

"பன்னண்டுக்குக் கடல் காத்து எழும்பும். காத்துல ஈ நிக்காது" என்றார் கோவிந்தம்மா.

"காத்து வந்தா படகும் நிக்காது. இப்பவே போவணும்" என்றார் ஏழுமலை.

இருவரும் சலீம் பாயைப் பார்த்தார்கள். அவர் குதிரையைப் பார்த்தார். "இப்பவே போலாம்."

பதினொன்றரை மணி. முன்னியைப் பலகை மேல் ஏற்றி நிறுத்தினோம். மோட்டார் சத்தத்துக்கு மிரளும் என்பதால் ஏழுமலையும் கோவிந்தம்மாவும் கழி ஊன்றித் தள்ளினார்கள். தண்ணீர் மார்பளவுதான். "முங்காது. ஆனா சேத்துல கால் பொதைஞ்சா எழுப்ப முடியாது. ஒரு மாடு அப்படியே பூடுச்சி" என்றார் ஏழுமலை. இதை அவர் கரையிலேயே சொல்லியிருந்தால் நான் ஏறியிருக்கவே மாட்டேன்.

நடு ஏரியில் காற்றே இல்லை. முன்னி அமைதியாகத்தான் நின்றது. திடீரென்று அதன் வயிறு இழுத்துக்கொண்டது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, என் செருப்பு நனைந்தது. வலைக்கு உள்ளே ஒரு ஈ. தடித்த, சாம்பல் நிறக் கடி ஈ. வெளியே போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றிப் புண்ணுக்கே வந்தது.

"வலைய தூக்கு!" என்றேன்.

"தூக்காத! வெளிய நிக்கிறதெல்லாம் பூந்துடும்" என்றார் கோவிந்தம்மா.

அடிக்கலாமா? அடித்தால் குதிரை மிரளும். கழி ஊன்றியவர்கள் கழியை விட முடியாது. சலீம் பாய் இடது கையால் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தோள்வரை வலைக்குள் நுழைத்தார். அந்த வெறுங்கையைப் புண்ணுக்கு மேலே, தொடாமல், மூடினாற்போல் வைத்தார். ஈ அவர் கையில் உட்கார்ந்தது. கடித்தது. ரத்தம் முழங்கைக்கு வழிந்தது. "முன்னி... பேட்டி... என் மவளே... தோ வந்துட்டோம்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். குரலில் நடுக்கமே இல்லை. ஈ எழுந்து மறுபடி உட்கார்ந்தது. கை அசையவில்லை. துறை வரும்வரை இப்படியே.

ஒரு மணிக்கு டாக்டர் வந்தார். புண்ணைக் கழுவிக் கிளறிப் பார்த்து, புழு ஆழமாக இறங்கவில்லை, பிழைத்துக்கொள்ளும் என்றார். கோவிந்தம்மா நீட்டிய புல்லை முன்னி முகர்ந்து பார்த்தது. பிறகு மென்றது. அதைக் கண்டதும் சலீம் பாய் தரையில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

வீட்டில் ஒரு கொசு கடித்தால் ஊரையே கூட்டுகிறவள் நான். ஜன்னலுக்கு வலை, சுவரில் மருந்து, போதாததற்குக் கையில் மட்டை. பொன்னேரி பஸ்ஸுக்குப் பையை எடுத்தபோது, டாக்டர் சலீம் பாயின் வீங்கிய கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பாய், முதல் கடியிலேயே கையை எடுத்திருக்கலாமே?"

"எடுத்தா அவள இல்ல சார் கடிக்கும்?" என்றார் அவர்.