கடலுக்கு அடியிலிருந்து பார்த்த சூரியன்

சூரிய கிரகணத்தன்று என் வகுப்பில் ஒரு பிள்ளையின் கண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்க வேண்டியவள் நான். இப்போது அதை நினைத்தாலே எனக்கு என்மீது ஆத்திரம் வருகிறது.

மன்னாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கிரகணத்துக்கு ஒரு கிழமை முன்பே ஆயத்தத்தைத் தொடங்கிவிட்டேன். சப்பாத்துப் பெட்டிகளில் ஊசித்துளை போட்டு, உள்ளே மறுபக்கத்தில் வெள்ளைத் தாள் ஒட்டினோம். சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தாளில் விழும் சின்ன வட்டத்தை மட்டும் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்கினேன். எக்ஸ்ரே படம், கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் கரைத்த தண்ணீர்ச் சட்டி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்கினேன். கடலைச் சொல்லவில்லை. கடலுக்கு அடியில் கிடந்து ஒருவர் சூரியனைப் பார்ப்பார் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

என் கணவர் சங்கு குளிப்பவர். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டி, முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடலடி மணலில் சங்கு ஊர்ந்த தடத்தைத் தேடிப் போகிற தொழில். அவருடைய சின்ன வயது தமிழ்நாட்டில் அகதி முகாமில் போனது. அங்கே ஒரு கிரகணத்தின்போது பிள்ளைகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்களாம். பார்க்கவில்லையே என்ற குறை அத்தனை வருடமும் அவருக்குள் கிடந்திருக்கிறது.

அன்று காலை நான் பெட்டிகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கடலுக்குப் புறப்பட்டு வாசலில் நின்றார்.

"தண்ணிக்குள்ள போகப் போக வெளிச்சம் குறையும்தானே?"

"ஓம், குறையும். சிவப்புத்தான் முதல்ல போகும்," என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பின்னேரம் வந்து வாய் ஓயாமல் சொன்னார். கடல் அசைவில்லாமல் கிடந்ததாம். அவர் ஒரு ஆள் உயர ஆழத்தில் மல்லாந்து கிடந்து, கடித்த பிஸ்கட் மாதிரி இருந்த சூரியனை ஆசை தீரப் பார்த்தாராம். படகில் இருந்தவர்கள் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு குனிந்தே இருந்தார்களாம்.

"அவங்களுக்கு விசயம் தெரியாது. எனக்கு வீட்டில ரீச்சர் இருக்கிறா," என்று சிரித்தார்.

தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் குடிக்கும். நீலம் ஆழம் வரைக்கும் போகும். விழித்திரையைக் கெடுப்பதில் அந்த நீலத்துக்குத்தான் பெரிய பங்கு. விழித்திரைக்கு நோவு தெரியாது என்பதால் கெடுகிறபோது ஆளுக்கும் தெரியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். கேட்டவருக்குப் பாதியைச் சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போனேன்.

மறுநாள் விடியத் தேத்தண்ணீர் கொடுத்தபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உம்மட காது தெரியுது, கொண்டை தெரியுது. முகம் தெரியேல்லை," என்றார்.

இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி போயிருந்தது. ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, இதற்கு மருந்து இல்லை, பொறுத்திருக்க வேண்டும் என்றார். சிலருக்கு மாதக்கணக்கில் தெளியும், சிலருக்குத் தெளியாது. அதுவரை கடலடிக்கு இறங்கவே கூடாது. சிலிண்டரில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற முள்ளை அவரால் பார்க்க முடியாது. முள்ளைப் பார்க்காதவர் அடியில் மூச்சு முட்டிக் கிடப்பார்.

நான் மடு மாதா கோயிலுக்குப் போய் நேர்ந்தேன். வகுப்பில் எதற்கும் சான்று கேட்கிறவள், அங்கே முழந்தாளில் நின்று ஒரு சான்றும் கேட்காமல் அழுதேன். திரும்பி வந்து தரம் எட்டுக்கு ஒளிப் பாடம் எடுக்க நின்று, பலகையில் தலைப்பை மட்டும் எழுதினேன். அதிபரிடம் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

டொக்டர் சொன்னபடி, சதுரக் கோடு போட்ட தாளின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்து அலுமாரிக் கதவில் ஒட்டுவேன். தாள் பழசாகப் பழசாகப் புதிது ஒட்டுவேன். பின்னேரம் பின்னேரம் அவரை முன்னால் நிறுத்திப் புள்ளி தெரிகிறதா என்று கேட்பேன். சுற்றிவர உள்ள கோடுகள் தெரிகின்றன, நடுவில் ஒன்றுமில்லை என்பார். அந்த "ஒண்டுமில்லை"யைக் கேட்டுக் கேட்டு மூன்று மாதம் போனது.

நாலாம் மாதம், கொஞ்சம் தெரிகிற மாதிரி இருக்கு என்றார். பிறகு நல்லாத் தெரியுது என்றார். படகுக்காரரும் வந்து எப்போது வருவாய் என்று கேட்டுவிட்டுப் போனார். நம்பத்தான் எனக்கு ஆசை. ஆனால் என்னைப் பார்க்க அவர் இன்னும் முகத்தை ஒரு பக்கம் சரித்துக்கொண்டுதான் பார்த்தார். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கை தடவித்தான் எடுத்தது.

ஒரு நாள் நான் புதுத் தாளொன்றை ஒட்டினேன். அவரைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"தெரியுது. நல்லாக் கறுப்பாத் தெரியுது," என்றார். "நாளைக்கு வாறன் எண்டு படகுக்காரருக்குச் சொல்லிவிடும்."

"எங்க, தொட்டுக் காட்டுங்கோ பாப்பம்."

கையை நீட்டி, கோடுகளைத் தடவி, தாளின் சரி நடுவில் விரலை வைத்தார். தாளின் ஓரங்களைக் கணக்கு வைத்து அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பழகியிருந்தார்.

"நான் இண்டைக்குப் புள்ளி வைக்கேல்லை," என்றேன்.

அவர் வைத்த விரலை எடுக்கவில்லை.