மாதம்மாள் அக்கா இருக்கீங்களா?

ஏணியில் நிற்கும்போது தமிழ்ச்செல்வனின் சட்டைப்பையில் இரண்டு கைப்பேசிகள் இருக்கும். ஒன்று அவனுடையது. திரை கீறலாகிக் கிடக்கும் மற்றது அவன் அம்மாவுடையது. அது மணியடித்தால், கேபிளைப் பல்லில் கடித்துக்கொண்டு அதை எடுத்துப் பார்ப்பான். மொரப்பூர் பக்கத்து ஊர்களில் வீடுவீடாக இணைய இணைப்புக் கொடுப்பது அவன் வேலை.

“ரெண்டு போனு வெச்சிருக்கறவன் ஒண்ணு வட்டிக்காரன், இல்லன்னா ரெண்டு குடும்பக்காரன். நீ எதுலடா சேத்தி?” கூட வேலை பார்ப்பவர், ஏணியைப் பிடித்திருக்கும் பெரியண்ணன் கேட்பார்.

“கஸ்டமர் கேருங்கண்ணா” என்பான். அதற்குமேல் வாய் திறக்க மாட்டான்.

அம்மா மாதம்மாள் பட்டுப்புழு வளர்த்தவர். கல்லூரியில் படிக்கும்போது அவருக்காகவே ஓர் இணைய மன்றம் அமைத்தான். புழு வளர்ப்பவர்கள் கேள்வி எழுதுவார்கள். அம்மா சொல்லச் சொல்ல இவன் பதிலைத் தட்டச்சு செய்வான். பிறகு எல்லோரும் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனார்கள். அம்மாவும் போனார். “உன்னோட மன்றம் கல்வெட்டாட்டம் இருக்குதுடா. இதுதான் சந்தையாட்டம் கலகலன்னு இருக்குது” என்றார்.

மாசியில் அம்மா இறந்தார். ‘மாதம்மாள் காலமானார். அவர் சொன்ன பதில்கள் கீழே உள்ளன’ என்று மன்றத்தின் முகப்பில் எழுதினான். அதோடு சரி. எப்போதாவது வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

அம்மாவின் கைப்பேசியிலிருந்து குழுவிலும் எழுதினான். கும்பிட்ட கைகள் வந்தன. ஊடே பட்டுக்கூடு விலை, ரோஜாப்பூவோடு காலை வணக்கம், யாருக்கோ பிறந்தநாள் கேக். பொழுது சாய்வதற்குள் அம்மாவின் சாவு மேலே ஏறி மறைந்துவிட்டது.

மறுவாரமே ஒருவர் படம் அனுப்பினார்: “அக்கா, புழு இலை திங்க மாட்டேங்குது. என்னன்னு பாருங்க.”

‘அம்மா தவறிட்டாங்க’ என்று எழுதினான். மறுபடி கைகள். அப்புறம் இன்னொருவர் கேட்டார். மறுபடி எழுதினான்.

குழுவை நடத்தும் வெங்கடாசலம் அழைத்தார். “தம்பி, புதுசா யாரோ செத்துட்டாங்கன்னு ஆளாளுக்கு எனக்குப் போன் போடறாங்க. குரூப்புல எந்நேரமும் எழவு சேதியா இருந்தா எப்புடி? அம்மா நம்பர எடுத்துடட்டுமா?”

“எடுத்துடாதீங்கண்ணா.”

“அப்ப இனிமே எழுதாத. இன்னொருக்கா எழுதினா எடுத்துடுவேன், ஆமா.”

அன்று ஏணி மேலிருந்து அவனாகவே பேசினான். “மன்றத்துல ஒரு வாட்டிதாண்ணா செத்தாங்க. இங்க வாராவாரம் சாவறாங்க.”

நேற்று ஒரு வீட்டுச் சுவரோரம் பாதி ஏணியில் நின்றிருந்தான். அம்மாவின் கைப்பேசி மணியடித்தது. பாப்பாரப்பட்டி நஞ்சம்மாள் கேட்டிருந்தார்: “மாதம்மாள் அக்கா இருக்கீங்களா? புழு தோலுரிக்குது. இலை போடலாங்களா?”

கேபிளைக் கடித்தபடி ‘அம்மா’ என்று தட்டினான். அழித்தான். மன்றத்தைத் திறந்து தேடினான். அதே கேள்வி, பல வருஷத்துக்கு முன்னால் யாரோ கேட்டது, அங்கே இருந்தது. அடியில் அம்மா சொல்லி அவன் தட்டச்சு செய்த பதில். அதை அப்படியே எடுத்துக் குழுவில் ஒட்டினான்: ‘இப்ப போடாதீங்க. எல்லாப் புழுவும் தோலுரிச்சு முடிக்கட்டும். அதுவரைக்கும் பொறுங்க.’

உடனே பதில் வந்தது. “சரிங்கக்கா.”

கைப்பேசியைப் பையில் போட்டான். ஏணிச் சட்டத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான்.

“கொஞ்சம் இறுக்கிப் புடிங்கண்ணா.”