ஒவ்வாமை: இல்லை

அன்டிபயோட்டிக் மருந்தைப் பதிவு பெற்ற வைத்தியர் எழுதிய மருந்துத் துண்டு இல்லாமல் பாமசியில் கொடுக்கக் கூடாது. துண்டு எழுதுவதற்கு முன், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று வைத்தியர் கேட்க வேண்டும். நோயாளி பதில் சொல்ல வேண்டும். எல்லாரும் விதிப்படியே நடந்தார்கள். கடைசிப் பகுதியை மட்டும் நான் மீறினேன்.

சித்திரைப் புத்தாண்டு வாரம். மாத்தளையில் எங்கள் வழக்கமான டாக்டர் கதவைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தார். மனைவிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், தொண்டை வலி. போனில் டாக்டரைக் காட்டும் சேவை ஒன்றில் அவளைப் பதிந்தேன். அரசாங்க அலுவலகத்தில் படிவங்களோடு காலம் தள்ளியவன் நான். எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விட்டதில்லை. 'ஒவ்வாமை' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று நிரப்பிய பிறகுதான் அவளிடம் கேட்டேன்.

"ஒவ்வாமை ஏதும் இருக்கா?"

"அப்படின்னா என்னங்க?"

"இல்லைன்னு அர்த்தம்."

திரையில் வந்த இளம் டாக்டர் பொறுமைசாலி. டோர்ச் அடித்து வாயைக் காட்டச் சொன்னார், காய்ச்சலைக் கேட்டார். "அம்மா, மருந்து ஏதும் உங்களுக்கு அலர்ஜியா?" என்று அவளைப் பார்த்தே கேட்டார். அவள் எச்சில் விழுங்கிப் பேசத் தொடங்குமுன், "இல்லை டாக்டர், படிவத்திலேயே இருக்கு" என்றேன். அமொக்சிலின் எழுதப்பட்டது.

பாமசியில் இருந்த பெண் துண்டைப் பார்த்துவிட்டு மருந்தை எடுக்காமல் நின்றாள்.

"சேர், அம்மாவுக்கு எந்த மருந்தாலயாவது சூடு ஏறியிருக்கா? தடிப்பு, முகம் வீங்குறது?"

வீட்டுக்குப் போன் எடுத்து அதையே கேட்டேன்.

"ஆமாங்க," என்றாள் மனைவி. "சின்னதுல இரத்தோட்டயில தோட்டத்து ஆஸ்பத்திரியில பென்சிலின் ஊசி போட்டாங்க. முகமெல்லாம் வீங்கி மூச்சு முட்டிருச்சி. சூடு ஏறிருச்சின்னு வீட்ல எளநி குடுத்தாங்க."

"ஏன் சொல்லல?"

"நீங்க சூடுன்னா கேட்டீங்க?"

பென்சிலின் என்று நான் சொன்னதும் பாமசிப் பெண் துண்டைத் திருப்பித் தந்தாள். "அமொக்சிலினும் பென்சிலின் குடும்பம்தான் சேர். குடுக்க ஏலாது. டாக்டர்கிட்ட மாத்தி எழுதி வாங்குங்க, இல்லாட்டி இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

இரண்டாவதைச் செய்திருக்க வேண்டும். நான் முதலாவதை, அதுவும் எழுத்தில் செய்தேன். பொருள், தொடர்பு இலக்கம், மூன்று பந்திகள் என்று சேவைக்கு ஒரு மின்னஞ்சல். உங்கள் செய்தி கிடைத்தது என்று இயந்திரம் சொன்னது. மறுநாள் நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கு மறுநாள் அவளால் எச்சிலையும் விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடித்தேன்.

தொண்டைக்குள் சீழ் கட்டியிருந்தது. கீறி எடுத்து, வேறு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். ஆறு நாள் வாட்டில் இருந்தாள். முதல் நாள் தாதி கோப்பைத் திறந்துகொண்டு, மருந்து எதுவும் ஒத்துக்காதா என்றபோது பழக்கத்தில் என் வாய் திறந்தது.

"நானே சொல்றேன் மிஸ்," என்றாள் மனைவி, காற்றுப் போன குரலில். "கல்யாணம் முடிச்ச நாளையிலிருந்து எனக்கும் சேத்து இவருதான் பேசுறாரு. காய்ச்சல் மட்டும்தான் எனக்குத் தனியா வருது."

தாதி சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரியும் சிரித்தாள்.

வீடு திரும்பிய பின்னும் அவள் குரல் பழையபடி ஆகவில்லை. ஆனால் எனக்குள் கிடந்து அரித்தது அந்தக் கட்டம். அங்கே இன்னும் 'இல்லை' என்றே இருந்தது. அடுத்த முறை வேறொரு டாக்டர் அதை நம்பித் துண்டு எழுதலாம். துண்டைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பாமசிப் பெண் எல்லா ஊரிலும் இருக்க மாட்டாள். நானும் எந்நாளும் இருக்க மாட்டேன். திருத்தும்படி சேவைக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றுக்கும் பதில் இல்லை. நான்காவதை எழுத உட்கார்ந்தபோது அவள் போனை வாங்கிக்கொண்டாள். சேவையின் எண்ணை அழுத்தி, யாரோ ஒருவர் வரும்வரை காக்கவைக்கும் அந்தச் சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எனக்கு பென்சிலின் ஒத்துக்காதுங்க. இல்லைன்னு எழுதுனது என் வீட்டுக்காரரு. மாத்திருங்க."

எதையோ கேட்டார்கள். நான் வாய் திறந்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, பிறந்த திகதியைத் தானே சொன்னாள்.

பதில் அவள் பெயருக்கு, அவள் இலக்கத்துக்கு வந்தது. ஒவ்வாமை: பென்சிலின். திருத்திய திகதி: ஜூன் நான்கு.